கூரை மேல் நாலு மூலை

"மாப்பிள்ளை, ஏணியிலேயே நில்லுங்க. கூரை மேல கால வெச்சீங்கன்னா நேரா கட்டில்ல போய் இறங்குவீங்க."

"கட்டில்ல இறங்கினா பரவாயில்ல மாமா. கீழ நிக்கிறவ தலையில இறங்கினாத்தான் சிக்கல்."

"கேக்குது," என்று வண்டிக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற சின்ன முகாம் வண்டி அது. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து அன்று காலையில்தான் வெளியே இழுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு ஏணி. ஒன்றில் பெரியவர், இன்னொன்றில் மாப்பிள்ளை. நடுவே கூரையில், பழைய போர்வை போர்த்தியபடி சோலார் பேனல் படுத்திருந்தது. வெயில் பட்டால் உடனே மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிகிறவரை அது தூங்கத்தான் வேண்டும்.

கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் உள்ளே இருப்பவளும் கிளம்புகிற முதல் பயணம். விடிந்தால் புறப்பாடு. போகிற ஏரிக்கரையில் கரண்ட் கிடையாது.

"லேசா வளையிற மாதிரி புதுப் பேனல் வந்திருக்கு மாமா. வாங்கிடலாம்னேன். கேட்டாத்தானே."

"பேனல மாத்தினா நான் வரல," என்றது உள்ளிருந்த குரல். "நீங்களும் அப்பாவும் ஜோடியா போயிட்டு வாங்க."

"பாத்தீங்களா மாமா, இப்பவே இப்படி."

"எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கும் பழகிடும்."

பேனலின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள். கூரையில் கால் படுகிற இடங்களை மட்டும் துடைத்து, பசை தடவி, இருவரும் மூச்சைப் பிடித்து அழுத்தினார்கள். திருகாணி பேச்சையே பெரியவர் எடுக்க விடவில்லை. கூரையில் ஓட்டை போடுவது மழைக்கு நாமே வழி சொல்லிக் கொடுப்பது என்பது அவர் கட்சி.

"முடிஞ்சுது," என்று கையைத் தட்டிக்கொண்டார். "இந்தப் பசை ஒரு தடவை பிடிச்சா, கடப்பாரை போட்டாலும் வராது."

டொக்.

சத்தம் கூரைக்குக் கீழேயிருந்து வந்தது. மறுபடியும் டொக்.

"என்னம்மா பண்றே?"

"புழுங்குதுப்பா. மேல் ஜன்னலத் திறக்கிறேன். எதுலயோ இடிக்குது."

இரண்டு ஏணியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கூரை நடுவில் சதுரமாக ஒரு மூடி. அதன் மேல் பேனலின் விளிம்பு ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

"அது மேல் பக்கமா திறக்கும்ங்கறதே மறந்துபோச்சு," என்றார் பெரியவர். "வருஷக்கணக்கா மூடியே கிடந்துச்சா, அது ஜன்னல்ங்கற நினைப்பே இல்ல."

"அதைத் திறக்காம உள்ள படுக்க முடியாது மாமா. வெந்துபோயிடுவோம்."

"பசை காய்ஞ்சிருச்சா?" என்றாள் அவள்.

"கடப்பாரை போட்டாலும் வராதாம். இப்பத்தான் சொன்னாரு."

பெரியவர் முகம் சுருங்கிப்போனது. "என்னால உங்க பயணம் கெட்டுதுன்னா, எனக்குச் சோறு இறங்காது மாப்பிள்ளை."

பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. கையில் தூண்டில் நரம்பு. "இதைக் காலுக்கு அடியில கொடுத்து, ரம்பம் மாதிரி இழுங்க. முழுசா இறுகறதுக்குள்ள."

ஆளுக்கு இரண்டு கால் என்று பிரித்துக்கொண்டு இழுத்தார்கள். நரம்பு விரலை அறுத்தது. "ஏரியில மீன் சிக்குதோ இல்லையோ, இங்க மாமனாரும் மருமகனும் சிக்கியாச்சு," என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல, பெரியவருக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவியது. கடைசியில் பசை, மனசில்லாமல் விட்டுக்கொடுத்தது.

"நீளவாக்குல வெச்சதுதான் தப்பு. குறுக்கால வெச்சுப் பாப்போம்," என்று மாப்பிள்ளை புது இடத்தின் தூசியை ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடத்தில் 'ட' போல ஒரு கறுப்பு மைக்கோடு தெரிந்தது. தள்ளித் துடைத்தான். திரும்பிப் பார்க்கும் 'ட' ஒன்று. எதிர்ப்பக்கம் பெரியவரும் துடைத்தார். அங்கேயும் இரண்டு.

இருவரும் புதுப் பசை தடவி, பேனலைத் தூக்கி வைத்தார்கள். அந்த நாலு மூலைக்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. மாப்பிள்ளை போர்வையை உருவினான்.

"எரியுது," என்று உள்ளே அவள் கூவினாள். "பேட்டரியோட பச்சை விளக்கு எரியுது."

மூடி தடையில்லாமல் மேலே திறந்தது. கூரை நடுவிலிருந்து அவள் தலை எட்டிப் பார்த்தது. கூந்தலெல்லாம் தூசி, முகமெல்லாம் சிரிப்பு. பேனலின் மூலையில் இருந்த கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. கையை வெளியே நீட்டி, ஒரு விரலால் அதைத் தொட்டாள்.

"யாரு மாமா இவ்வளவு சரியா அளந்தது?" என்றான் மாப்பிள்ளை.

"என் பையன். பேனல வாங்கி, இடத்தையும் குறிச்சு வெச்சான். மாட்டறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான்."

பெரியவர் ஏணியிலிருந்து எட்டி, மகனோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னை அப்பா என்றே கூப்பிடும் மருமகளின் தலையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"உங்க கல்யாணத்துக்கு எங்க வீட்டுலேர்ந்து நான் ஒருத்தன்தான் சாட்சிக் கையெழுத்து போட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன் மாப்பிள்ளை. அவன் எனக்கு முன்னாடியே போட்டு வெச்சுட்டுப் போயிருக்கான்."