மஞ்சள் கேபிள்மேல் விழுந்த பழி

தமயந்தி வீட்டு ரௌட்டரை அணைத்து மறுபடி போட்டாள். எழுந்ததும் அது பழசையெல்லாம் மறந்துவிட்டு, இணையத்துக்காகக் கேட்ட கருவிகளுக்கெல்லாம் புதிதாக முகவரி எண் கொடுத்தது. முதலில் கேட்ட டிவிக்கு ஐந்தாம் எண் போனது.

கணினிக்கோ அந்த ஐந்து பல வருடமாகத் தன்னிடம் இருந்த எண். "நான் ஏன் போய்க் கேட்கணும்? அஞ்சு என்னோடது," என்று பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேருக்கு ஒரே எண் என்றால் இணையம் எப்படி வரும்?

"உன் வேலைதான் சரியில்லை," என்று தனக்கும் கணினிக்கும் நடுவில் கிடந்த மஞ்சள் கேபிள்மேல் பாய்ந்தது ரௌட்டர்.

கேபிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க பேசுறது அவருக்குக் கேட்குது, அவர் பேசுறது உங்களுக்குக் கேட்குது. நான் அறுந்திருந்தா இந்தச் சண்டையே நடந்திருக்காதுங்க. கணினி ஐயா, ஒரே ஒரு தடவை புது எண் கேளுங்களேன். இல்லைன்னா என்னைத்தான் கழற்றி எறிவாங்க."

"நீ வெறும் வயரு. உனக்கெதுக்கு இந்த வாய்?" என்றது கணினி.

மாலையில் தமயந்தி புது நீலக் கேபிளோடு வந்தாள். கணினியை அணைத்தாள், மஞ்சளைப் பிடுங்கி நீலத்தைச் செருகினாள், கணினியைப் போட்டாள். எழுந்த கணினிக்கு வீம்பு மறந்துபோயிருந்தது. எண் கேட்டது, பதினொன்று கிடைத்தது. இணையம் ஓடியது.

"கேபிள்தான் போயிருக்கு," என்றாள் அவள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றது ரௌட்டர். கணினியும் ஆமாம் போட்டது.

நீலக் கேபிள் தரையில் கிடந்த மஞ்சளிடம் மெல்லக் கேட்டது: "அப்படி நீ என்னதான் பண்ணின?"

"நடுவுல இருந்தேன்," என்றது மஞ்சள். "இப்ப நீ இருக்க."