உச்சுக்கொட்டிய பல்லி

நல்லபெருமாள் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. யார் எது சொன்னாலும் உச்சுக்கொட்டும். வாய் சும்மா இருக்காது.

தபால் ஆபீஸ் விட்டு வந்ததும் நல்லபெருமாள் வயலினை எடுப்பார். ஒரே வர்ணம்தான், வருஷக்கணக்காக. சரணத்தில் ஓரிடத்தில் விரல் சறுக்கும். "ச்சே!" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

"இதைச் சுத்தமா வாசிக்காம இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்" என்றார் ஒருநாள்.

பல்லி உச்சுக்கொட்டியது.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று சிரித்தார்.

ஆனால் ஒருதரம்கூடச் சுத்தமாக வாசிக்காமலேயே செத்துப்போனார். சொந்தக்காரர்கள் வயலினைப் பெட்டியில் வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் மூடிய பெட்டிக்குள் அதே வர்ணம் கேட்டது.

"நிறுத்தித் தொலை!" என்று பல்லி அலறியது.

"நானா வாசிக்கிறேன்?" என்றது வயலின். "என் கழுத்தில் அவர் விரல் இருக்கு. ஐஸ் மாதிரி இருக்கு. அவர் போகமாட்டேன்னப்போ நீ உச்சுக்கொட்டி வாக்குக் கொடுத்தே, அதான் அவரால போகமுடியலை."

தினமும் அதே சறுக்கல். பெட்டிக்குள்ளிருந்து அதே "ச்சே!"

பிறகு ஒரு சாயங்காலம் விரல் சறுக்கவில்லை. வர்ணம் முழுசாக முடிந்தது. வீடே அடங்கியது.

"போயிட்டாரா?" என்று பல்லி மெதுவாகக் கேட்டது.

"இன்னும் விரலை எடுக்கலையே" என்றது வயலின்.

பெட்டிக்குள் நல்லபெருமாளின் குரல் எழுந்தது, அத்தனை சந்தோஷமாக.

"அடேயப்பா, இன்னும் எத்தனை பாட்டு இருக்கு! எல்லாத்தையும் கத்துக்கிட்டுத்தான் போவேன்."

பல்லி வாயை இறுக மூடிக்கொண்டது. ஆனாலும் பாழாய்ப்போன பழக்கம்.

"உச், உச்."