தூளிக் கொக்கி

"பால்கனி கம்பியில வேணாம். நடு ஹால்ல, அந்தத் தூளிக் கொக்கியிலயே மாட்டுடா" என்றாள் வரலட்சுமி.

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் மகிழினிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

மகன் அன்பரசன் தோளில் முப்பது கிலோ பஞ்சிங் பேக், குத்துச்சண்டை பழகும் மூட்டை. அவன் போகும் பாக்ஸிங் கிளப்பில் புதுசு வாங்கியதும் பழசை இவன் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டுவதற்குக் காசிமேட்டு தோஸ்து ஒருவனிடம் சங்கிலிகூட வாங்கி வந்திருந்தான்.

"ம்மா, அதுல வேணாமே..." என்று இழுத்தபடி அடுக்களைப் பக்கம் பார்த்தான்.

"ஏன்? நீ குண்டுப் புள்ளையா படுத்து ஆடுன கொக்கிடா. இத்தத் தாங்காதா? சும்மாதானே கீது, மாட்டு."

சும்மாதானே கீது! மகிழினிக்குச் சுருக்கென்று தைத்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம். மூன்றாம் மாசமே, உப்புக் காத்தில் துருப்பிடிக்கிறது என்று அந்தக் கொக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்தவள் மாமியார். அதற்குப் பிறகு திருவொற்றியூரில் இந்த வீட்டுப் படி ஏறிய எல்லோருக்கும் அதே கவலை. செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் இவள் வயிற்றைப் பார்ப்பார்கள். கீழ் வீட்டு பவானி வாய்விட்டே கேட்பாள்: "இன்னா மகி, எப்பதான் தூளி கட்டப் போற?"

இப்போது மாமியாரே முடிவு கட்டிவிட்டாள். இனி இங்கே தூளி வராது என்று ஊருக்கு போர்டு மாட்டுகிறாள்.

அன்பரசன் மாட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டான். மகிழினிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். ஈரம் காயாத துணிகளை எடுத்து மடித்தாள், மறுபடி உதறிக் காயப்போட்டாள். கீழே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கத்த வேண்டும்போல இருந்தது.

வரலட்சுமியோ பேக்கை ஒட்டி உட்கார்ந்து நிம்மதியாக அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் பவானி வந்தாள். "யக்கா, கொஞ்சம் புளி கீதா?"

மகிழினி கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆரம்பித்துவிடுவாள் இப்போது.

பவானி வழக்கம்போல அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயே! இன்னாக்கா இது, மூட்டையத் தொங்கவுட்டு வெச்சிக்கீற?"

"பாக்ஸிங் பேக். ஒரு குத்து வுட்டுத்தான் பாரேன்."

பவானி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு குத்து விட்டாள். "யம்மாடி, கை போச்சு!"

எவ்வளவு வெயிட், உள்ளே என்ன அடைத்திருக்கிறது, கூரை இடிந்து விழாதா என்று சரமாரியாகக் கேள்வி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புளியோடு இறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மகிழினி வெளியே வந்தாள்.

"எதுக்கு அத்த அதுல மாட்டச் சொன்னீங்க? இனிமே இந்த வூட்டுல தூளியே கட்ட மாட்டோம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

வரலட்சுமி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"தூளி கட்ற அன்னிக்கு இத்தக் கழட்ட எம்மா நேரம் ஆவும்? அதுவரைக்கும் மேல பாக்குறவளுங்க இந்த மூட்டையப் பத்திக் கேட்டுக்கினு போவட்டும். பவானி இன்னிக்கு உன்ன எதுனா கேட்டாளா?"

பவானி கேட்கவில்லைதான்.

ஆடிக்கொண்டிருந்த பேக்கை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள் வரலட்சுமி.

"வா, ஆத்திரம் தீரக் குத்து. மொதக் குத்து என்னிய நெனச்சு வுடு. அந்தக் கொக்கிக்கு எண்ணெயப் போட்டுட்டு, மொதமொதல்ல உன் வயித்தப் பாத்தவ நாந்தானே!"