வெள்ளச் சீட்டு

“அண்ணனத் தோக்கடிக்க நீங்களே வழி சொல்லுதீங்களா மதினி?”

செந்தில்முருகன் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டான். கணேஷ்ராம் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

தச்சநல்லூர் சீட்டு விளையாட்டுக் கடையில் அன்று இறுதிப் போட்டி; மந்திரமும் மிருகமும் படையும் வரைந்த சீட்டுகளை மோதவிடும் ஆட்டம், மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை. ஆடப்போவது அவர்கள் இரண்டு பேரும்தான். வழி சொல்ல வந்தவள் கணேஷ்ராமின் மனைவி சித்ரலேகா. இடுப்பில் கைக்குழந்தை.

“ஆமா தம்பி. சைடுபோர்டுல என்ன வச்சிருக்கீங்க?”

சைடுபோர்டு என்பது ஆட்டத்தில் சேராமல் தனியாக வைத்திருக்கும் சீட்டுகள். முதல் ஆட்டம் முடிந்ததும், எதிராளிக்குத் தகுந்த மாதிரி அதிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

“மந்திரத்தை முறிக்க நாலு, கோட்டையை இடிக்க மூணு...”

“அதெல்லாம் அவியகிட்ட எடுபடாது. அவிய ஆடுதது டோக்கன் ஆட்டம். ஒரு சீட்ட எறக்குனா மேசை நெறைய குட்டிக் குட்டிப் படை நிக்கும். ஒவ்வொண்ணா அடிச்சு முடிக்க விடிஞ்சிரும். வெள்ளச் சீட்டு வைங்க.”

வெள்ளச் சீட்டு விழுந்தால் மேசையிலுள்ள சின்னப் படை, யாருடையதானாலும், மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விடும். பெரிய மிருகங்கள் மட்டும் நிற்கும். செந்தில்முருகனிடம் இருப்பதெல்லாம் யானையும் காண்டாமிருகமும்தான்.

“ரெண்டு வச்சிருக்கேன்.”

“நாலா வைங்க. கைக்கு வராமப் போயிட்டா?”

“இவ்வளவு எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“பாப்பா தூங்குன பெறகு அவிய எங்கிட்டதான ஆடிப் பாக்காவ.”

“சொந்தப் புருஷனுக்கே குழி வெட்டுதீங்களே! நாளைக்கு எம் பொண்டாட்டியும் இப்படித்தான் செய்வாளோ?”

“மொதல்ல உங்களுக்குப் பொண்ணு கிடைக்கட்டும்.”

செந்தில்முருகன் சிரிக்கவில்லை. சித்ரலேகா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

“இந்தக் கோப்பைய ஜெயிச்சா பேங்க் வேலைய விட்டுட்டு ஊர் ஊராப் போயி சீட்டாடப் போறேன்னு இங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாவ. வேண்டாம்னு அழுது பாத்துட்டேன். சொன்ன சொல்லு மாறுனா குடும்பத்துக்கே கேவலமாம். பயமா இருக்கு தம்பி.”

செந்தில்முருகன் இன்னும் இரண்டு வெள்ளச் சீட்டை எடுத்து சைடுபோர்டு பெட்டியில் வைத்தான்.

முதல் ஆட்டத்தைக் கணேஷ்ராம் சுலபமாக ஜெயித்தான். கடையே கைதட்டியது. இரண்டு பேரும் பெட்டியைத் திறந்து சீட்டு மாற்றினார்கள்.

கைதட்டலில் மிரண்டு குழந்தை வீறிட்டது. சித்ரலேகா வெளியே தூக்கிப்போய்த் தட்டிக்கொடுத்தாள். அது ஓய்கிற மாதிரி தெரியவில்லை. ஒருவழியாகத் தூங்க வைத்து உள்ளே வந்தபோது, கோப்பை செந்தில்முருகன் கையில் இருந்தது. அடுத்த இரண்டு ஆட்டமும் அவனுக்கு.

“போச்சு,” என்றான் கணேஷ்ராம். “நாளைக்கு பேங்குக்குப் போணும். நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிரு.”

பைக்கை எடுக்கப் போய்விட்டான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற சித்ரலேகா, செந்தில்முருகனிடம் நகர்ந்து வந்தாள்.

“ரொம்ப நன்றி தம்பி. நான் பண்ணுனது பாவந்தான். நாலு வெள்ளமும் கைக்கு வந்துச்சா?”

“வந்துச்சு மதினி. ஒண்ணையும் எறக்கல.”

“பெறவு எப்படி?”

“அண்ணன் சைடுபோர்டுலயும் வெள்ளம் இருந்திருக்கு. மேசை நெறையப் படைய நிப்பாட்டிட்டாவ, இன்னும் ஒரு அடி அடிச்சா நான் காலி. அப்ப வெளிய பாப்பா அழுத சத்தம் கேட்டுச்சு. ‘அடடா, கை தவறி எறக்கிட்டேன்’னு சொல்லி, அவிய படைய அவியளே வெள்ளத்துல விட்டுட்டாவ. ரெண்டு ஆட்டத்துலயும்.”