அழுக்கு இன்ஜின்

“அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரிய வேணாம் நடராசன். பேசாம இத்தையே தள்ளி வுட்டுடு.”

மெக்கானிக் இருதயராஜின் குரல். விழுப்புரத்துப் பழைய கார் சாமான் கடையில், அடுக்கிவைத்த கதவுகளுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த கலையரசியின் காதில் அது விழுந்துவிட்டது.

‘நல்ல இன்ஜினாப் பாத்து வாங்கித் தர்றேன், பயப்படாத’ என்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் தைரியம் சொல்லிக் கூட்டி வந்த மனுஷன். எட்டு வருஷமாகத் தன் காரில் வேறு யாரையும் அவள் கைவைக்க விட்டதில்லை.

அந்தக் காரில்தான் ஒலக்கூர் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேரைத் தினமும் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவாள். போன திங்கட்கிழமை ஹைவேயைக் குறுக்கே கடக்கும்போது, நட்டநடு ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வந்த லாரி ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டு நின்றது. பின்சீட்டில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. அழக்கூடத் தோன்றாத பயம்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த லாரியின் முகப்புதான்.

“பழைய இன்ஜின்மா. ஆயுசு முடிஞ்சிபோச்சு,” என்று இருதயராஜ் சொன்னபோது அப்படியே நம்பினாள். இப்போது?

கடைக்காரர் நடராசன் அவளைக் கூப்பிட்டார். தரையில் ஒரே மாடலில் இரண்டு இன்ஜின்கள். ஒன்று துடைத்துப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தது.

“இந்தச் சுத்தமா இருக்கறதே போதும்ணே,” என்றாள்.

“அத்த வுடு. நம்பர் இருக்கற இடத்தத் தேய்ச்சி வெச்சிருக்காங்க பாரு. திருட்டு வண்டியா இருந்தா பேஜாரு,” என்றார் இருதயராஜ்.

“ஏலத்துல அப்படித்தான் வந்துதுப்பா,” என்று முனகினார் நடராசன்.

இருதயராஜ் கறுப்பு இன்ஜினைத் துணியால் துடைத்தார். நம்பர் தெளிவாகத் தெரிந்தது.

“உன் ஆர்.சி. புக்க எடு. நம்பருக்கு முன்னாடி இருக்கற எழுத்தெல்லாம் ஒத்துப்போவுதா பாரு.”

ஒத்துப்போனது. ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் கலந்தால் படியும் வெள்ளைப் பசை எதுவும் இல்லை. ஸ்பானரை அவள் கையிலேயே கொடுத்து இன்ஜினைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். லேசாக முரண்டு பிடித்து, சீராகச் சுற்றியது.

“வெல?”

“இரும்பு வெலைக்கே எடுத்துக்கம்மா,” என்றார் நடராசன்.

நல்ல இன்ஜினை யாராவது இரும்பு விலைக்குக் கொடுப்பார்களா?

“எந்த வண்டியோடது இது?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு வீட்டு வண்டி. ஒரே கை ஓட்டினது,” என்றார் நடராசன்.

“அடிபட்ட வண்டியா? யாராவது செத்துட்டாங்களா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா,” என்ற இருதயராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறு யாரைப் போய்க் கேட்பது? பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. தாய்மார்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். கலையரசி தலையாட்டிவிட்டாள்.

இரண்டே நாளில் இன்ஜினை மாட்டிக் கொடுத்தார் இருதயராஜ். கூலி வேண்டாம் என்றார். அது அவள் பயத்தை இன்னும் கூட்டியது.

காலி காரை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். ஹைவேயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து தடவை கடந்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இன்ஜின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. ஆனாலும் பிள்ளைகளை ஏற்ற மனசு துணியவில்லை.

மறுநாள் புது இன்ஜின் நம்பரைப் பதிய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனாள். நடராசன் இன்ஜின் காகிதங்களை வைத்து ஒட்டிக் கொடுத்த கவரைப் பிரித்துப் பார்த்த கிளார்க், “பழைய ஓனர் கையெழுத்து ஒண்ணு விட்டுப்போயிருக்கு. வாங்கிக்கினு வாங்கம்மா,” என்றார்.

“பழைய ஓனர் யாரு சார்?”

“இதுலயே இருக்கே. இருதயராஜ், மயிலம் ரோடு.”

நேராக அவர் பட்டறைக்குப் போனாள். எப்போதும் அவர் ஓட்டுகிற கார் ஓரமாகத் தார்ப்பாய் மூடி நின்றது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெறும் குழி.

கலையரசிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“உங்க வண்டி இன்ஜினையே கழட்டிக் குடுத்திருக்கீங்க. நான் உங்கள என்னென்னமோ நெனச்சிக்கினு இருந்தேன்ணே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

“அப்படிச் சொல்லாதம்மா.”

“பின்ன எப்படிச் சொல்றது? அந்த ஆறு புள்ளைங்களுக்கும் நீங்கதான் சாமி.”

இருதயராஜ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“நானும் அன்னியிலேருந்து தூங்கலம்மா,” என்றார் தரையைப் பார்த்தபடி. “ஆயில் பூரா ஒழுகித்தான் உன் இன்ஜின் இறுகிச்சி. முந்தின நாள் ஆயில் மாத்தினப்போ, அடி போல்ட்டை முறுக்காம வுட்டது நான்தான்.”