துவைத்த சட்டை

அவரைக்கொடியை மான்கள் மேய்ந்துவிடாமல் இருக்க, அவள் கணவர் தன்னுடைய வியர்வைச் சட்டையை வேலியில் தொங்கவிடுவார். கல்லால் அடித்து விரட்டுகிற மனிதர். அந்த வாசனை பட்டாலே மான்களுக்குக் குலைநடுங்கும். அவளிடம் மட்டும் வந்து கையிலிருந்தே இலை தின்னும்.

அவர் இறந்து மூன்று மாதமாகியும் அந்தச் சட்டையை அவள் யாரையும் தொடவிடவில்லை. மழைக்கு அதன்மேல் குடை கட்டி வைத்தாள். பார்க்க வந்த நாத்தனாருக்கு இது தெரியாது. "அழுக்கேறிக் கெடந்துச்சு அண்ணி, சோப்பு போட்டு அலசிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனாள். ஈரச் சட்டையில் முகம் புதைத்துத் தேடினாள் இவள். சோப்புதான் மணத்தது.

மறுநாள் காலை மான்கள் வேலியோரக் கொடியை மொட்டையடித்தன. குழாயடிச் செடிகளை நெருங்கவில்லை. அடுத்த நாள் குழாயடியும் காலி. பின்வாசல் ரோஜா மட்டும் தப்பியது. மூன்றாம் நாள் ரோஜாவும் போயிற்று.

"வாசனையக்கூட மிச்சம் வைக்காமப் போயிட்டீங்களா?" பின்வாசலில் உட்கார்ந்து கதறினாள்.

பழகிய கிழமான் ஒன்று படியருகே வந்தது. அழுகையோடே இலையை நீட்டினாள். மூக்கை நீட்டிய மான் அப்படியே நின்றது. காதுகள் விறைக்க, அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தது. பிறகு ஒரே தாவலில் வேலியைத் தாண்டி ஓடிற்று.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"நான் திரும்பிப் பாக்க மாட்டேங்க" என்றாள். "போயிடாதீங்க."