பத்தாயிரம் பச்சைக்கல்

குத்தம்பாக்கம் செங்கல் சூளையில் பத்தாயிரம் பச்சைக்கல் சுடுவதற்காகக் காய்ந்துகொண்டிருந்தது. மழையில் கரைந்தால், கல் அறுத்தவர்களின் பதினைந்து நாள் உழைப்பும் போச்சு. ஆனால் அறுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வானத்தில் பொட்டு மேகம் இல்லை. திடீரென்று, சூளையில் மண் மிதிக்கும் கன்னியம்மா கையில் வேப்பிலையோடு கூந்தலை விரித்துப்போட்டு ஆடினாள்.

"டேய் உலகநாதா, பொழுது சாயறதுக்குள்ள மழைடா. கல்லை மூடு."

முதலாளி உலகநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே சொல்லிட்டா. இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? ஓலையப் போட்டு மூடுங்க."

நாலு மணிக்குக் கொட்டியது பாருங்கள் மழை. பக்கத்துச் சூளைகளில் எல்லாம் சேறு. இங்கே ஒரு கல்லும் கரையவில்லை.

முதலாளி தேங்காய் உடைத்துக் கும்பிட்டுப் போனதும், கூட வேலை செய்யும் வடிவு கேட்டாள். "அக்கா, மெய்யாலுமே ஆத்தாவா வந்தா?"

கன்னியம்மா அவளை வீட்டுக்குள் இழுத்துப் போனாள். மூலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஒரு கண்ணாடிப் பாட்டில் கவிழ்ந்திருந்தது. அதன் கழுத்தில் பென்சில் கோடு போட்ட காகிதம்.

"எம் பொண்ணோட சயின்ஸ் புக்கப் பாத்துச் செஞ்சேன். மழைக்கு முன்னாடி காத்தோட அழுத்தம் கொறையும், கொறஞ்சா உள்ள தண்ணி எறங்கும். காலையில சர்ருனு எறங்கிக்கீது."

"அத்த அப்டியே சொல்றதுதானே?"

"போன மாசம் பாட்டிலத் தூக்கிகினு போய் மொதலாளிகிட்ட சொன்னேனே. 'போய் மண்ண மிதி'ன்னாரு, ரெண்டாயிரம் கல்லு கரைஞ்சுது. இன்னிக்கு வேப்பிலையத் தூக்கிகினு போனேன்."